மேல் லயத்துச் சிங்கங்களின் பெயர்ப்பதிவேடு

ஆப்பிரிக்கச் சிங்கங்களின் குடும்ப நிர்வாகம் பற்றி முடிவான வார்த்தை சொல்லும் தகுதி இன்றைய தேதிக்கு உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் ஆப்பிரிக்காவில் இல்லை. பிரிஞ்சாங் என்ற மலையூருக்கு மேலே, தெராத்தாய் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து வரிசை வீடுகளில் ஏழாம் நம்பரில், கழுத்தில் மப்ளரும் மடியில் லேப்டாப்புமாக உட்கார்ந்திருக்கிறார். பெயர் மகேஸ்வரன். தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. ஆப்பிரிக்காவுக்கு அவர் போனதே இல்லை. போகிறவனுக்கு வண்டி ஜன்னல் அளவுக்குத்தான் சிங்கம் தெரியும், உட்கார்ந்து பார்ப்பவனுக்குத்தான் முழுச் சிங்கமும் தெரியும் என்பது அவர் கட்சி.

இந்த மகத்தான பணி எப்படித் தொடங்கியது என்பதைப் பதிவு செய்வது நம் கடமை. கென்யாவில் ஒரு சரணாலயம் உலகெங்கும் தன்னார்வலர்களைத் தேடியது. சிங்கத்தின் மீசை முளைக்கிற இடத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். நமக்குக் கைரேகை எப்படியோ அப்படி, ஒன்றுக்கு இருப்பது மற்றொன்றுக்கு இருக்காது. காட்டில் வைத்த கேமராக்கள் எடுத்த படங்களைப் பார்த்து, புள்ளியை ஒப்பிட்டு, இது இன்ன சிங்கம் என்று சொல்ல வேண்டும். எத்தனையோ பேர் முயன்று, கண் எரிந்து, கைவிட்டார்கள். மகேஸ்வரனுக்குக் கண் எரியவில்லை. தோட்டத்து ஆள்கணக்குப் புத்தகமான செக்ரோலை முப்பத்து நான்கு வருஷம் எழுதிய கண் அது. காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டில் ஒருவருக்காக இன்னொருவர் 'வந்தேன்' என்று குரல் கொடுத்தால், மூடுபனிக்குள்ளேயே கண்டுபிடித்து அரை நாள் வெட்டிய கண். அறுநூற்றுப் பதினோரு படங்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை. சரணாலயத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டு, சாமி படங்கள் இருக்கும் சுவரில், முருகனைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லிவிட்டு மாட்டினார்.

சரணாலயத்துக்காரர்கள் சிங்கங்களுக்குப் பெயர் வைக்காமல் எழுத்தும் எண்ணுமாகக் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பெயர் 'விஞ்ஞானம்'. பெயரில்லாத ஆளைப் பதிவு செய்வது கிராணி மரபுக்கு ஒத்துவராது. ஆகவே மகேஸ்வரன் தமக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். லேப்டாப்பில் செக்ரோல் கட்டம் போட்டார்: வீட்டு எண், பெயர், ஆணா பெண்ணா, வயது, நிரந்தரமா தற்காலிகமா, பிள்ளைகள், குறிப்பு. அந்த வட்டாரத்தில் இருபத்திரண்டு பெண் சிங்கங்கள் இருந்தன. மேல் லயத்திலும் இருபத்திரண்டு வீடுகள். இதைத் தெய்வச் செயல் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? ஞாபகத்துக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு பெண் சிங்கத்துக்கும் ஒரு வீட்டு எண்ணைப் போட்டு, அந்த வீட்டுப் பெண்ணின் பெயரையே வைத்தார்.

பெயர் வைத்ததில் பாரபட்சம் கிடையாது, எல்லாம் குணம் பார்த்துத்தான். எருமைக் கூட்டத்துக்குள் முதலில் பாய்வது மூன்றாம் நம்பர் மாரியம்மா. நிஜ மாரியம்மா பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு அத்தனை வளைவிலும் பிரேக்கைத் தொடாமல் தானா ராத்தா டவுனுக்குப் போய்வருபவர். புல்லுக்குள் பதுங்கி, நேரம் பார்த்துக் கழுத்தைப் பிடிப்பது பதினோராம் நம்பர் குமுதா. ஸ்ட்ராபெரி தோட்டத்துச் சீன முதலாளியான தவுக்கேயிடம் மெதுவாகப் பேசிப் பேசியே மழைநாள் சம்பளத்தை வாங்கிவிட்டவர். எல்லாரும் தின்று முடித்த பிறகு மிச்சத்தைத் தின்று, யார் பெற்ற குட்டியாக இருந்தாலும் நக்கிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சிங்கத்துக்கு ஏழாம் நம்பர் போட்டு, சரோஜா என்று எழுதினார். பெண்டாட்டிக்கு இதைவிடப் பெரிய மரியாதை எந்தப் புருஷனும் செய்திருக்க மாட்டான் என்று நினைத்து அவருக்கே கண் கலங்கிவிட்டது. தேயிலை ஃபேக்டரியில் தூள் சலித்துவிட்டு வந்த சரோஜா விஷயத்தைக் கேட்டு, அந்தச் சிங்கத்துக்குப் புருஷன் யாரென்று விசாரித்தார். ஆராய்ச்சியாளன் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது முறையல்ல என்று மகேஸ்வரன் அடக்கத்தோடு விளக்கினார். சரோஜா உலை வைக்கப் போய்விட்டார்.

ஆண் சிங்கங்களின் விவகாரம் அத்தனை லேசானதல்ல. பெண் சிங்கங்கள் பிறந்த எல்லையிலேயே இருந்து, வேட்டையாடி, குட்டி வளர்த்து, அங்கேயே வாழ்ந்து முடிக்கும். ஆண்கள் இரண்டு மூன்று பேராகக் 'கூட்டணி' கட்டிக்கொண்டு எங்கிருந்தோ வருவார்கள். ஏற்கெனவே இருக்கும் கூட்டணியை விரட்டி, அதன் குட்டிகளையும் தீர்த்துக்கட்டுவார்கள். இரண்டு மூன்று வருஷம் பதவியில் இருப்பார்கள். அப்புறம் இவர்களையும் யாராவது விரட்டுவார்கள். ஆகவே செக்ரோல் விதிப்படி பெண்கள் 'நிரந்தரம்', ஆண்கள் 'தற்காலிகம்'. இதில் கிராணிக்குச் சந்தேகமே வரவில்லை.

பதவியில் இருந்த ஆண் கூட்டணிக்கு அவர் வைத்த பெயர் சின்னையா, கருப்பையா. நிஜத்தில் இவர்கள் அண்ணன் தம்பி, மாரியம்மன் கோயில் நிர்வாகத்தை ஒன்பது வருஷமாக விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த எதிர்க் கூட்டணிக்குப் புனிதன், ரூபன் என்று பெயர். நிஜத்தில் இவர்கள் ஒன்றுவிட்ட சகோதரர்கள். போன தைப்பூசத்துக்குப் பிறகு பஸ் நிறுத்தத்தில் ஒரு பொதுக்கூட்டம் போட்டு, தாங்களே 'புதிய நிர்வாகம்' என்று தீர்மானம் நிறைவேற்றியவர்கள். பழைய நிர்வாகத்துக்கு ஒரு ரப்பர் சாப்பு, புதிய நிர்வாகத்துக்கு ஒரு சாப்பு. எந்தக் காகிதத்தில் எந்த முத்திரை விழுந்தாலும் மற்றவர் அதைக் கிழிப்பார். மற்ற வீட்டு ஆண்களின் பெயர்கள், பதவி கிடைக்காமல் சுற்றித் திரியும் உதிரிச் சிங்கங்களுக்குப் போயின.

தன் பெயரைச் சிங்கத்துக்கு வைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? வேலை முடிந்ததும் ஆண்கள் ஏழாம் நம்பர் வாசலில் கூடினார்கள். "நேத்து நான் என்னா செஞ்சேன், கிராணி?" என்று சின்னையா கேட்பார். படுத்திருந்தீங்க என்று மகேஸ்வரன் சொல்வார். அதற்கு முந்தின நாளும் அதைத்தானே சொன்னீங்க என்பார் சின்னையா. சிங்கத்துக்கு அதுதாங்க உத்தியோகம் என்று மகேஸ்வரன் விளக்குவார்.

இந்த அன்றாட அறிக்கையால் மேல் லயத்துப் பொதுவாழ்வில் ஏற்பட்ட மறுமலர்ச்சி சொல்லி மாளாது. சிங்கம் சின்னையா கர்ஜித்தால் ஐந்து மைலுக்குக் கேட்கும் என்று தெரிந்ததும், மனிதச் சின்னையா கோயிலுக்குக் குழாய் ஸ்பீக்கர் வாங்கி மாட்டினார். சிங்கம் புனிதன் புதர் புதராகப் போய் எல்லை குறித்தது. மறுநாளே மனிதப் புனிதன் லயத்து முகப்பில் தம் படம் போட்ட பேனர் கட்டினார். முறை வேறு, நோக்கம் ஒன்றுதான். சிங்கம் கருப்பையா காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது என்ற செய்தி வந்த வாரம், எதிர்த்தரப்பு கோயில் ஸ்டோர் சாவியைக் கேட்டு ஆள் அனுப்பியது. மனிதக் கருப்பையா தமக்கு முட்டியில் ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காகக் கோயில் படியில் மூன்று தரம் ஏறி இறங்கினார். நான்காம் தரம் தூக்கி வர வேண்டியதாயிற்று.

இந்தச் சீரிய சூழ்நிலையில்தான் வீட்டு விவகாரம் குறுக்கே வந்தது. மேல் லயத்து வீடுகளை, குடியிருப்பவர்கள் பெயருக்கே எழுதிக் கொடுப்பது என்று அரசாங்கமும் கம்பெனியும் ஒருவழியாக ஒத்துக்கொண்டன. எந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற முதல் பட்டியல், தலைவர் பெயரோடு, தானா ராத்தா அலுவலகத்துக்கு மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் ஈமெயிலில் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் அந்த லயம் திட்டத்தில் இல்லை. அடுத்த சுற்று எப்போது என்று யாருக்கும் தெரியாது.

மகேஸ்வரனுக்கு வருகிற ஜூலையில் அறுபது. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். சரோஜா முப்பத்தோரு வருஷமாக அந்த ஏழாம் நம்பரில் இருப்பவர். பின்பக்கத் தகரத்தை நான்கு தரம் மாற்றியவர். ஒரு சாயங்காலம் அவர் கணவரின் லேப்டாப்புக்கும் முகத்துக்கும் நடுவே தேத்தண்ணியை வைத்தார்.

"ஜூலைக்கு அப்புறம் நாம எங்க போறதுன்னு யோசிச்சீங்களா?"

விரட்டப்பட்ட சிங்கம் ஆற்றங்கரை ஓரமாகவே நடந்து புது எல்லை தேடிக்கொள்ளும் என்று மகேஸ்வரன் ஆதாரத்தோடு சொன்னார். "அது காடு. ஈப்போவுல நம்ம பொண்ணு வீடு எட்டாவது மாடி, ரெண்டு ரூமு" என்றார் சரோஜா. பயமாக இருக்கிறது என்றும் சொன்னார். அதைச் சுவரைப் பார்த்துச் சொன்னார். மகேஸ்வரனுக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனால் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு தம்மிடம் இருப்பதால் அவர் தைரியமாக இருந்தார்.

பட்டியல் அவரிடம்தான் இருந்தது. அதில் 'குடியிருப்போர் குழுத் தலைவர்' என்ற ஒரு கட்டம் மட்டும் காலி. அதை நிரப்ப மூன்று கூட்டங்கள் கூட்டப்பட்டன. முதல் கூட்டம், கை வைத்த நாற்காலியில் யார் உட்காருவது என்ற பொருளை மூன்று மணி நேரம் ஆழமாக விவாதித்தது. இரண்டாவது கூட்டம் மூன்றாவது கூட்டத்துக்குத் தேதி குறித்தது. மூன்றாவதற்கு வேலை முடிந்த பெண்கள், கங்காணி கொடுத்த மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல், நேராக வந்துவிட்டார்கள். ரெண்டு பேர் பெயரையும் போட்டு அனுப்புங்களேன் என்று குமுதா யோசனை சொன்னார். அந்த மாலையில் அரிய காட்சி ஒன்று அரங்கேறியது. பழைய நிர்வாகமும் புதிய நிர்வாகமும் முதல் தடவையாக ஏகமனதாக எழுந்து அந்த யோசனையை எதிர்த்தன. ரெண்டு பெயரில் எது மேலே வரும் என்பதே கேள்வி. கூட்டம் வடையோடு கலைந்தது.

கடைசி வெள்ளிக்கிழமையும் வந்தது. அன்று மகேஸ்வரன் கண் வலி என்று சொல்லி கிளினிக்கில் விடுப்புச் சீட்டான எம்.சி. வாங்கி வீட்டில் இருந்தார். கண்ணுக்கு அன்று மிக முக்கியமான வேலை காத்திருந்தது. எதிர்க் கூட்டணி ஆற்றைத் தாண்டிவிட்டது! கென்யாவில் விடியும்போது இங்கே பகல் பதினொன்று. சரணாலயத்து வழிகாட்டி ஒருவர் வண்டியிலிருந்து நேரலை கொடுத்துக்கொண்டிருந்தார். சின்னையாவும் கருப்பையாவும் ஒரு பக்கம், புனிதனும் ரூபனும் மறுபக்கம். நடுவில் ஒரு முள்மரம். மகேஸ்வரன் போனைக் கையில் ஏந்தி வாசலில் நின்றார். பிற்பகல் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சரோஜா, மணி பதினொன்றே முக்கால், லிஸ்ட் போகவில்லை என்று ஞாபகப்படுத்தினார். லேப்டாப் திறந்துதான் இருக்கிறது, நீயே அனுப்பிவிடு என்று மகேஸ்வரன் கை காட்டினார்.

உள்ளேயிருந்து சரோஜாவின் குரல் வந்தது. "என்னங்க, 'மேல் லயம்'னு இதுல ரெண்டு இருக்கே. எத அனுப்பறது?"

சிங்கம் சின்னையா பிடரியைச் சிலிர்த்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வைத்த நேரம் அது. மகேஸ்வரன் திரும்பவில்லை. "முழுசா இருக்கிறத அனுப்பு" என்றார்.

உள்ளே சரோஜா பத்து நிமிஷம் இரண்டையும் திறந்து நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தார். ஒன்றில் தலைவர் கட்டம் காலி. இன்னொன்றில் ஒரு கட்டமும் காலியில்லை. பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது அனுப்பிவிட்டேன் என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கென்யாவில் நான்கு ஆண் சிங்கங்களும் நாற்பது நிமிஷம் கர்ஜித்து முடித்து, ஆளுக்கொரு நிழலில் படுத்துத் தூங்கிவிட்டன.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில், அலுவலகத்திலிருந்து உமாதேவி என்ற அதிகாரி நேரடிச் சரிபார்ப்புக்கு வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. சேறு படிந்த பூட்ஸ், தோளில் ஒரு பை. கோயில் மண்டபத்தில் அவருக்கு இரண்டு வரவேற்பு, இரண்டு மாலை, இரண்டு வரவேற்புரை. மாலை இரண்டையும் அவர் நாற்காலியின் இரண்டு கைகளிலும் தொங்கவிட்டார். லயத்துப் பெண்கள் ஒரு பக்கமும், இரண்டு நிர்வாகமும் நடுவில் இடைவெளி விட்டு மறுபக்கமும் உட்கார்ந்தார்கள். பட்டியல் தயாரித்தவர் என்ற முறையில் மகேஸ்வரனுக்கு அதிகாரியின் பக்கத்தில் இடம் கிடைத்தது.

உமாதேவி ஃபைலைத் திறந்தார். மகேஸ்வரன் எட்டிப் பார்த்தார். முதல் வரியிலேயே 'கருப்புப் பிடரி, இடது காதில் கிழிசல்' என்றிருந்தது. அது அவருடைய சிங்கச் செக்ரோல்.

"இவ்வளவு விவரமா ஒரு லிஸ்ட்ட இதுவரைக்கும் எந்தத் தோட்டமும் குடுத்ததில்ல, சார். எங்க ஆபீஸ்ல எல்லாரும் படிச்சோம்" என்றார் உமாதேவி. வயதெல்லாம் ஏழு, ஒன்பது என்று இருந்ததாம். டைப் அடித்ததில் ஓர் இலக்கம் விட்டுப்போயிருக்கும் என்று அடையாள அட்டையைப் பார்த்து அவர்களே திருத்திக்கொண்டார்களாம். 'கூட்டாக வேட்டை' என்பது கூட்டுறவுத் தொழில் என்று பதிவாகியிருந்தது. தலைவர் என்று தனிக் கட்டமே இல்லாததை, கூட்டுத் தலைமை என்று எடுத்துக்கொண்டார்களாம். 'எல்லாக் குட்டிகளுக்கும் எல்லாரும் பால் கொடுப்பார்கள்' என்பதைப் பார்த்து, குழந்தைக் காப்பகம் ஒன்று இயங்குவதாக எடுத்துக்கொண்டார்கள். அதற்குத் தனி மானியம் உண்டு என்றார். பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

அடுத்து முக்கியமான விஷயத்துக்கு வந்தார். நிரந்தரமாகக் குடியிருப்பவர் பெயரில்தான் வீடு எழுதப்படும். பட்டியல்படி இருபத்திரண்டு பேரும் பெண்கள். ஆண்கள் அனைவரும் தற்காலிகம்.

மண்டபத்தில் நாற்காலிகள் நகர்ந்தன. சின்னையா எழுந்தார். புனிதனும் எழுந்தார், சின்னையா எழுந்துவிட்டதால். புனிதன் முதலில் வாயைத் திறந்து, இது எங்க லிஸ்ட்டே இல்லை மேடம், இது வேற ஒரு லிஸ்ட்டு என்று ஆரம்பித்தார். அப்படியென்றால் இதை வாபஸ் வாங்கிக்கொள்ளலாமே என்றார் உமாதேவி. வாங்கினால் தெராத்தாய் மேல் லயம் திட்டத்திலிருந்து வெளியே. மறுபடி எப்போது என்று அவரால் சொல்ல முடியாது. "வேற லிஸ்ட்டுன்னா என்னா லிஸ்ட்டுன்னு சொல்லுங்க தம்பி, நாங்களும் தெரிஞ்சிக்கிறோம்" என்றார் மாரியம்மா. புனிதன் உட்கார்ந்தார்.

மகேஸ்வரனின் நிலைமையை நாம் பரிவோடு நோக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் இருபத்திரண்டு வீடும் போய்விடும், ஏழாம் நம்பர் முதலில் போகும். சொல்லாமல் இருந்தால் மேல் லயத்து ஆண் வர்க்கம் அவரை உயிரோடு விடாது. முப்பத்து நான்கு வருஷத்தில் ஒரு வரி பொய் எழுதியதில்லை என்பது அவர் பெருமை. இப்போதும் எழுதவில்லை. எழுதிய அத்தனையும் உண்மை, மீசைப் புள்ளி வரை. அவர் வாயைத் திறந்து, காற்றை உள்ளே இழுத்து, மூடிக்கொண்டார்.

எந்த வரி தவறோ அதை மட்டும் காட்டுங்கள், திருத்திக்கொள்ளலாம் என்றார் உமாதேவி. வாபஸ் வாங்க வேண்டியதில்லை. நியாயமான பேச்சு. சின்னையாவைப் பற்றிய குறிப்பை வாசித்தார்: ஒரு நாளில் இருபது மணி நேரம் படுத்திருப்பார். சின்னையா தம் மனைவி கங்காவைத் திரும்பிப் பார்த்தார். கங்கா நேர்மையானவர், கொஞ்சம் யோசித்தார்.

"இருபதுன்னு அடிச்சிச் சொல்ல முடியாது மேடம். திருவிழா மாசத்துல கொறையும்."

ரூபனைப் பற்றிய குறிப்பு: பிறர் பிடித்து வந்ததை முதலில் உட்கார்ந்து தின்பார். அவர் மனைவி மறுப்புச் சொல்லவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். புனிதனைப் பற்றி, 'இவர் பொறுப்புக்கு வந்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து' என்றிருந்தது. இதைப் படித்துவிட்டு அலுவலகத்தில் கொஞ்சம் கவலைப்பட்டதாக உமாதேவி சொன்னார். புனிதன் லயத்துப் பிள்ளைகளுக்குப் பந்து விளையாட்டுப் பயிற்சி கொடுப்பவர். போன மாசம் மழையில் ஓடவிட்டு ஏழு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்த கதையை ஒரு தாய் எழுந்து விவரமாகச் சொன்னார். கருப்பையா தம்முடைய குறிப்பை வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

கடைசியில் உமாதேவி மகேஸ்வரன் பக்கம் திரும்பி, நீங்க எந்த வீடு சார் என்றார்.

"ஏழு."

உமாதேவி பக்கத்தைப் புரட்டினார். ஏழில் சரோஜா என்ற ஒரு பெண் மட்டும்தான் இருக்கிறார், ஆண் துணை யாரும் பதிவில் இல்லை என்றார். தனித்து வாழும் பெண் என்பதால் அலுவலகம் அவருக்கு முன்னுரிமை கொடுத்து, முதல் பத்திரமே அவர் பெயருக்குத்தான் தயாராகிறதாம். மகேஸ்வரன் தம்முடைய மப்ளரைச் சரிசெய்தார். அதை இன்னொரு தரமும் சரிசெய்தார்.

உமாதேவிக்கு இரக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது. ஆண்களுக்கும் ஒரு வழி இருக்கிறது என்றார். எல்லா ஆண்களுக்கும் பொதுவாக ஒரு குறிப்பு எழுதப்பட்டிருந்தது. அதை அவர் சத்தமாக வாசித்தார்: "எல்லைக்குள் வெளியார் நுழைந்தால், ஆண்கள் ஒன்றுகூடி எதிர்த்து நிற்பார்கள். தம் கூட்டத்தின் இடத்துக்காக உயிரையும் கொடுப்பார்கள்." இதை நிரந்தரக் குடியிருப்பாளர் ஒருவர் எழுந்து நின்று உறுதிப்படுத்தினால் போதும், புருஷன் பெயரையும் பத்திரத்தில் சேர்த்துவிடலாம், பதிவில் இல்லாத கிராணி சாரைக்கூடச் சேர்க்க முடியும் என்றார்.

ஆண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சின்னையாவின் தோள் இரண்டு அங்குலம் உயர்ந்தது. இந்த வரியை எழுதியதற்காகப் புனிதன் மகேஸ்வரனை நன்றியோடு பார்த்தார். மகேஸ்வரன் சரோஜாவைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் ஒரு சிங்கத்தின் முகத்தைக்கூட அவர் அத்தனை உன்னிப்பாகப் பார்த்ததில்லை. அந்த முகத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை.

சரோஜா எழுந்தார். முதல் பத்திரம் அவருடையது என்பதால் மற்றப் பெண்கள் அவருக்கு வழி விட்டார்கள்.

"மேடம், போன வருஷம் கார் பார்க் போடணும்னு கீழ் லயத்த இடிக்க அளக்க வந்தாங்க. அப்ப அங்க எட்டுக் குடும்பம் இருந்துச்சு. டேப்போட ஒரு முனைய சின்னையா அண்ணன் புடிச்சிக்கிட்டாரு. இன்னொரு முனைய இந்தப் புனிதன் தம்பி புடிச்சிக்கிட்டுச்சு. அன்னைக்கு ஒரு நாள்தான் ரெண்டு பேரும் சண்ட போடாம இருந்தாங்க. வந்தவங்களுக்கு நாற்காலி போட்டது ரூபன். அளவ எழுதிக் குடுத்தது எங்க வீட்டுக்காரரு. எழுத்து மணி மணியா இருக்கும்."

மகேஸ்வரன் குனிந்து தம் விரல்களைப் பார்த்தார். உமாதேவி பேனாவை மூடாமல் பிடித்துக்கொண்டு, அப்படியானால் அந்த வரியை என்ன செய்யட்டும் என்று கேட்டார்.

"அடிச்சிடுங்க, மேடம்" என்றார் சரோஜா. "மத்ததெல்லாம் நம்ம ஆளுங்கதான். அந்த ஒரு வரி மட்டும் சிங்கத்தப் பத்தினது."